தேய்தலும் தேய்த்தலும்

தமிழ் இலக்கணம் வினைகளைத் தன்வினை, பிறவினை எனப் பிரித்துக் காட்டும். திருந்துதல் தன்வினை, திருத்துதல் பிறவினை. உருளுதல் தன்வினை, உருட்டுதல் பிறவினை. தேய்தலும் தேய்த்தலும் அவ்வகையினவே. சந்தனக்கட்டை தேய்ந்தது என்று சொன்னால், கட்டைக்கு நேர்ந்தது மட்டுமே தெரிகிறது. சந்தனக்கட்டையைத் தேய்த்தான் என்று சொன்னால், அங்கே ஒருவன் வந்து நிற்கிறான். அவனுடைய கையும் நோக்கமும் உடன் வருகின்றன. மாணவர் இவ்வேறுபாட்டைத் தேர்வுக்காகக் கற்றுப் பின்னர் மறந்துவிடுகின்றனர். ஆயினும், பொறுப்பு என்னும் சொல்லுக்குப் பொருள் காண முயல்வோர்க்கு இச்சிறு வேறுபாடு பெருந்துணையாகும்.

சிறிது சிறிதாக, கண்ணுக்குப் புலப்படாமல், தீய எண்ணம் எதுவுமின்றி விளைவிக்கப்படும் கேடு குற்றமாகுமா? ஆகுமெனில், அக்குற்றம் எவரைச் சாரும்? இவ்வினாவை ஆராய அரசவை வழக்குகளையோ போர்க்களங்களையோ தேடிச் செல்ல வேண்டியதில்லை. செமினியில் உள்ள ஒரு கார்ப் பட்டறையே போதும்.

சிலாங்கூர் மாநிலத்தின் உலு லங்காட் மாவட்டத்தில், காஜாங்கிற்குத் தென்கிழக்கே, சிரம்பானை நோக்கிச் செல்லும் பழைய கூட்டரசுச் சாலையில் அமைந்த ஊர் செமினி. முன்னர் இரப்பர்த் தோட்டங்களும் பின்னர்ச் செம்பனைத் தோட்டங்களும் சூழ்ந்திருந்த இவ்வூரை இன்று வீடமைப்புப் பகுதிகள் சூழ்ந்துள்ளன. வடக்கே காஜாங்கை நோக்கிச் சென்றால் காலை வேளையில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து செல்லும். தெற்கே பெரானாங்கையும் மந்தினையும் கடந்து சென்றால் வளைந்து ஏறும் மலைப்பாதை எதிர்ப்படும். ஊர்ந்து செல்லும் சாலை, ஏறிச் செல்லும் சாலை ஆகிய இரண்டுமே காரின் கிளட்சுக்குக் கடுஞ்சோதனையாகும்.

1985ஆம் ஆண்டில் புரோட்டோன் சாகா வெளிவந்தது. 1994ஆம் ஆண்டில் பெரோடுவா கஞ்சில் வெளிவந்தது. தோட்டப்புறத்திலிருந்து வெளியேறிய எத்தனையோ குடும்பங்களுக்கு இவ்விரண்டில் ஒன்றே முதல் காராக அமைந்தது. கையால் கியர் மாற்றி ஓட்டும், மக்கள் வழக்கில் ‘மெனுவல்’ எனப்படும் கார்களே அவற்றுள் மிகுதி. தந்தை ஓட்டிய கார் மூத்த மகனுக்குச் சென்றது. மூத்தவன் ஓட்டியது தங்கைக்கு வந்தது. தங்கைக்குப் பின்னர் அயலார் ஒருவருக்கு விற்கப்பட்டது. இங்ஙனம் கைமாறிய கார் ஒருநாள் மேட்டில் ஏற மாட்டாமல் நின்றுவிடுகிறது. பட்டறைக்கு இழுத்து வந்த உரிமையாளர், “கிளட்ச் தேய்ஞ்சு போச்சு, அண்ணே” என்கிறார். பட்டறைக்காரரோ, “யாரு ஓட்டுன வண்டி இது?” என்று கேட்கிறார். உரிமையாளர் தன்வினையிற் பேசுகிறார். பட்டறைக்காரர் பிறவினையில் வினவுகிறார். இவ்விரு கூற்றுகளுக்கும் இடையேதான் அறவியலின் ஒரு பெருஞ்சிக்கல் அடங்கியிருக்கிறது.

சிக்கலை அறிய, கருவியை அறிதல் வேண்டும். கார் அசையாது நிற்கும்போதும் அதன் இயந்திரம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 800 முறை சுழன்றுகொண்டிருக்கும். சக்கரங்களோ சுழல்வதில்லை. சுழலும் ஒன்றையும் நிற்கும் ஒன்றையும் திடீரென்று இணைத்தால், இயந்திரம் அணைந்துவிடும். அன்றேல் கார் குதித்துப் பாயும். ஆகவே, இரண்டிற்கும் இடையே நின்று, சிறிது வழுக்கி, வேகங்களை ஒப்பச் செய்து, அதன்பின் உறுதியாகப் பற்றிக்கொள்ளும் ஓர் உறுப்புத் தேவைப்படுகிறது. அதுவே கிளட்ச். பிரான்சு நாட்டின் பனார் லெவசோர் நிறுவனம் 1891ஆம் ஆண்டில் இயந்திரத்தைக் காரின் முன்புறத்திலும், கிளட்சையும் கியர் பெட்டியையும் அதற்குப் பின்னாலும் வைத்துக் கார் அமைத்தது. பின்வந்த கார்களுக்கு நெடுங்காலம் அவ்வமைப்பே வழிகாட்டியாயிற்று. தொடக்கக் காலக் கிளட்சுகளில் தோல் உறையிட்டிருந்தனர். பின்னர் அதனினும் வலிய உராய்வுப் பொருள்கள் வந்தன.

இக்காலக் கிளட்சில், இயந்திரத்தோடு சுழலும் கனத்த சக்கரம் ஒருபுறம். வில்லின் விசையால் அழுத்தும் தட்டு மறுபுறம். இரண்டிற்கும் நடுவே இரு பக்கமும் உராய்வுப் பொருள் பதித்த கிளட்ச் தட்டு அமர்ந்திருக்கிறது. ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது, கேபிள் ஒரு நெம்புகோலை இழுக்கிறது. நெம்புகோல் ஒரு பேரிங்கைத் தள்ளுகிறது. பேரிங் வில்லின் விரல்களை அழுத்த, நடுத்தட்டு விடுபடுகிறது. மிதியை மெல்ல விடும்போது தட்டு மீண்டும் பற்றப்படுகிறது. பற்றும் அச்சில நொடிகளில் தட்டு சிறிது தேய்கிறது. இத்தேய்மானம் குறையன்று, அதன் தொழிலே அது. தான் தேய்ந்து இயந்திரத்தையும் கியர் பெட்டியையும் காப்பதற்கே அது படைக்கப்பட்டது.

இங்கே கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. கேபிளால் இயங்கும் கிளட்சில் பேரிங்கிற்கும் வில்லின் விரல்களுக்கும் இடையே சிறு இடைவெளி விடப்படும். அவ்விடைவெளியே மிதியில் வெறும் அசைவாகத் தோன்றும். அதாவது, மிதியைக் கையால் மெல்ல அழுத்தினால் முதலில் எதிர்ப்பின்றிச் சிறிது தொலைவு செல்லும். அதன்பின்னரே இறுக்கம் தெரியும். பல சிறிய கார்களில் இவ்வசைவு ஏறத்தாழ 15 முதல் 30 மில்லிமீட்டர் வரை இருக்கும். காருக்குரிய கையேடு கூறும் அளவே முடிவானது. தட்டு தேயத்தேய, வில்லின் விரல்கள் பேரிங்கை நோக்கி நகர்கின்றன, இடைவெளி குறைகிறது. இடைவெளி முற்றும் இல்லாதொழிந்தால், ஓட்டுநர் மிதியைத் தொடாதபோதும் பேரிங் அழுத்திக்கொண்டேயிருக்கும். தட்டு முழுமையாகப் பற்றப்படாமல் நழுவும். நழுவலால் வெப்பம் மிகும். வெப்பத்தால் தேய்மானம் விரையும். இடைவெளி அளவுக்கு மேல் மிகுந்தாலோ, மிதியை அடிவரை அழுத்தினாலும் தட்டு முற்றும் விடுபடாது. கியர் மாற்றும்போது பற்கள் உராய்ந்து ஓலமிடும்.

இதனைச் சரிசெய்தல் அரிய வித்தையன்று. ஓர் அளவுகோலை மிதியின் அருகில் நிறுத்தி வெறும் அசைவை அளக்க வேண்டும். குறைந்திருப்பின், கேபிளின் முனையிலுள்ள பூட்டு நட்டைத் தளர்த்தி, சரிசெய்யும் நட்டைத் திருகிக் கேபிளைச் சிறிது நெகிழ்த்த வேண்டும். மிகுந்திருப்பின் சிறிது இறுக்க வேண்டும். மிதியைப் பல முறை அழுத்திவிட்டு மீண்டும் அளந்து, பூட்டு நட்டை இறுக்கினால் வேலை முடிந்தது. சில நிமிடங்களே ஆகும். தட்டு நழுவுகிறதா என்று அறிய ஒரு சோதனையும் உண்டு. காரின் முன்னும் பின்னும் எவருமில்லாத சமதரையில், கைப்பிரேக்கை முழுதும் இழுத்து, மூன்றாம் கியரில் வைத்து, கிளட்சை மெல்ல விட வேண்டும். இயந்திரம் திணறி அணைந்தால் கிளட்ச் பற்றுகிறது. அணையாமல் ஓடிக்கொண்டிருந்தால் நழுவுகிறது. இச்சோதனையையும் அடிக்கடி செய்தலாகாது. சோதனையே தட்டைத் தேய்க்கும். மேலும், சரிசெய்தல் தேய்ந்ததை மீட்டுத் தராது. எஞ்சியதைக் காக்கும், அவ்வளவே. உராய்வுப் பொருள் தீர்ந்த தட்டை மாற்றுவதல்லால் வேறு வழியில்லை.

இனி, தட்டைத் தேய்ப்பவை எவை? மிதியின்மேல் எப்போதும் இடக்காலை வைத்திருக்கும் பழக்கம் ஒன்று. மேட்டில் நிற்கும்போது கைப்பிரேக்கை இழுக்காமல், பாதிக் கிளட்சிலேயே காரைத் தாங்கி நிறுத்தும் பழக்கம் மற்றொன்று. ஓட்டுநர் உரிமத் தேர்வில் மேட்டில் நிறுத்திப் பின்னால் உருளாமல் புறப்படும் முறை சோதிக்கப்படுகிறது. தேர்வாளர் கண்முன் கைப்பிரேக்கை முறையாக இழுத்த அதே கை, உரிமம் கிடைத்தபின் அதை மறந்துவிடுகிறது. கியர்த் தண்டின்மேல் கையை ஊன்றியபடி ஓட்டுவோரும் உளர். அக்கையின் சிறு சுமை பெட்டிக்குள் இருக்கும் கவையைச் சுழலும் வளையத்தோடு உரசச் செய்து தேய்க்கிறது. சுழலும் பற்களின் வேகத்தை ஒப்பச் செய்து ஓசையின்றிக் கியர் விழச் செய்யும் வளையங்களை அமெரிக்கரான ஏர்ல் தாம்சன் வகுத்தார். 1928ஆம் ஆண்டில் கடிலாக் கார் அவற்றோடு வெளிவந்தது. அவ்வளையங்களுக்கும் ஒரு கணம் வேண்டும். அக்கணத்தைத் தராமல் தண்டை அடித்துத் தள்ளுவோர் அவற்றைத் தேய்க்கின்றனர். கியர் எண்ணெய் இயந்திர எண்ணெய் போல் எரிந்து குறைவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்பது பொருள். ஆயினும், பெட்டியின் பக்கத்திலுள்ள மூடியைக் கழற்றி எண்ணெயின் மட்டத்தைப் பார்ப்போர் மிகச் சிலரே.

இப்பழக்கங்களுள் எந்த ஒன்றையும் தீச்செயல் என்று எவரும் சொல்லார். ஒரு முறை மிதியில் கால் வைத்ததால் தேய்ந்தது எவ்வளவு? அளக்கவும் இயலாது. கிறித்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டில் வாழ்ந்த யூபுலிடஸ் என்னும் அறிஞர் ஒரு புதிரை விடுத்ததாகக் கூறுவர். ஒரு தானியம் குவியலாகாது. அதனோடு இன்னொன்றைச் சேர்த்தாலும் குவியலாகாது. இப்படியே ஒவ்வொன்றாகச் சேர்த்தால் எந்தத் தானியம் வந்து சேர்ந்தபோது அது குவியலாயிற்று? கிளட்ச் தட்டும் இப்புதிரையே எழுப்புகிறது. எந்த நாள், எந்த மேடு, எவருடைய கால் அதைத் தீர்த்தது? குறிப்பிட்டுச் சொல்ல இயலாது. இயலாமையால், ‘எவரும் தேய்க்கவில்லை, தானே தேய்ந்தது’ என்று முடிவு கட்டிவிடுகின்றனர்.

இம்முடிவு பிழையானது. இங்கிலாந்தின் மெய்யியலாளர் டெரெக் பார்ஃபிட் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், அறக்கணக்கில் மனிதர் செய்யும் பிழைகளுள் ஒன்றாக இதனைச் சுட்டினார். ஒரு செயலின் விளைவு புலப்படாத அளவு சிறியதாக இருப்பதாலேயே அது குற்றமற்றதாகிவிடாது என்பது அவர் கருத்து. புலப்படாத விளைவுகள் பல சேர்ந்து பெருங்கேடு விளையுமாயின், அவற்றுள் ஒவ்வொன்றையும் செய்தவர் அக்கேட்டில் பங்குடையவரே. கடைசித் தானியத்தை இட்டவன் மட்டும் குவியலை ஆக்கவில்லை. கடைசியாக ஓட்டியவர் மட்டும் தட்டைத் தீர்க்கவுமில்லை. ஆனால், செலவும் அல்லலும் அக்கடைசி ஒருவர் தலைமேலேயே விழுகின்றன. தேய்த்தவர் பலர், நடுவழியில் நின்றவர் ஒருவர். அநீதி இங்கேதான் தோன்றுகிறது.

இதற்குத் தடைகள் எழலாம். ‘பொருள் என்பது தேய்வதற்குத்தானே? தேயாமல் பூட்டி வைத்த காரால் யாருக்கு என்ன பயன்?’ என்பது முதல் தடை. இதில் உண்மை உண்டு. உழைத்துத் தேய்வது பொருளுக்கு இழிவன்று. நோயாளியை மருத்துவமனைக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கும் ஏற்றிச் சென்ற காரின் கிளட்ச் தேய்ந்ததெனில், அது பயனாக மாறிய தேய்மானம். ஆனால், மிதியின்மேல் சும்மா கிடந்த காலால் எவருக்கும் ஒரு முழத் தொலைவும் கிடைக்கவில்லை. அங்கே தேய்மானம் மட்டும் உண்டு; பயன் இல்லை. முன்னதைத் தேய்தல் என்றும் பின்னதைத் தேய்த்தல் என்றும் பிரித்து வழங்குதல் தகும். ஒரே வகைக் காரின் கிளட்ச் ஒருவர் காலில் 150,000 கிலோமீட்டரைக் கடப்பதும் மற்றொருவர் காலில் 50,000 கிலோமீட்டருக்குள் தீர்வதும் இவ்வேறுபாட்டால்தான்.

இரண்டாம் தடை இதனினும் வலியது. ‘வசதி உள்ளவர்க்கு இவ்வறிவுரை எளிது. மாத இறுதியில் வீட்டு வாடகைக்கே தடுமாறுபவர், கிளட்ச் நழுவுவதை அறிந்தும் என் செய்வார்?’ என்பர். மெய்தான். பழுதை அறிந்தும் பணமின்றிக் காலம் தாழ்த்துபவரைப் பொறுப்பற்றவர் என்று பழிப்பது அறமாகாது. ஆயினும், இத்தடையே பேணுதலின் இன்றியமையாமையைக் காட்டுகிறது. இடைவெளியை அளந்து சரிசெய்யச் செலவு ஏதுமில்லை. தட்டை மாற்றவோ கியர் பெட்டியையே இறக்க வேண்டும். தொடக்கத்தில் சிறிது கவனம் கேட்கும் பழுது, முற்றியபின் பெரும் பணம் கேட்கிறது. ஆகவே, பேணும் அறிவு செல்வரைவிட எளியவர்க்கே மிகுதியும் தேவை. அவ்வறிவை எளியவர்க்குக் கற்றுத் தராத சமுதாயமும் அத்தேய்மானத்தில் பங்குடையது.

அடுத்து, தேய்ந்த பொருளைக் கைமாற்றும்போது செய்ய வேண்டியது யாது? தேயாத பொருளைத் தருதல் எவர்க்கும் இயலாது. தேய்மானத்தைச் சொல்லித் தருதல் எவர்க்கும் இயலும். அண்ணன் தன் காரைத் தங்கையிடம் கொடுக்கும்போது, “கிளட்ச் மேலே பிடிக்குதும்மா. மேட்டுல கைப்பிரேக்க இழுத்து நிறுத்து. அடுத்த மாசம் பட்டறையில காட்டிடலாம்” என்று ஒரு சொல் சொல்வானாயின், அவன் கொடுத்தது பழைய காரே எனினும் முழுமையான காராகும். சொல்லாமல் கொடுப்பானாயின், காரோடு தன் தேய்ப்பின் விளைவையும் மறைத்து அவள்மேல் ஏற்றியவனாவான். விற்பனையில் இது மேலும் கடுமையாகும். கிளட்ச் தட்டில் எஞ்சியிருக்கும் கனம், கியர் பெட்டியைக் கழற்றாமல் கண்ணுக்குத் தெரிவதில்லை. வாங்குபவர் பார்க்க இயலாத இடத்தில் விற்பவரின் நாவே சான்று. ‘அவர் கேட்கவில்லை, ஆகவே சொல்லவில்லை’ என்பது வணிகத்தில் செல்லலாம், அறத்தில் செல்லாது. கேட்க அறியாதவரிடம் சொல்லும் கடமை மிகுமேயன்றிக் குறையாது.

தேய்ந்த பொருள் எங்கே செல்கிறது என்பதும் எண்ணத்தக்கது. அது மறைவதில்லை, தூசியாகிறது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கிளட்ச் தட்டுகளிலும் பிரேக்குகளிலும் கல்நார் சேர்க்கப்பட்டிருந்தது. வெப்பத்தைத் தாங்கும் அக்கல்நார், தூசியாகி மூச்சோடு நுரையீரலுள் புகுந்தால் புற்றுநோயையும் விளைக்கும். நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகளும் ஆகலாம். ஆஸ்திரேலியா 2003ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் முதல் கல்நாரை முற்றும் தடை செய்தது. பழைய கார்களின் கிளட்சைத் திறக்கும்போது காற்றுக் குழாயால் தூசியை ஊதித் தள்ளுதல் ஆகாது என்று எச்சரிப்பது இதனால்தான். ஓட்டியவரின் காலிலிருந்து புறப்பட்ட தேய்மானம், அவர் முகமும் அறியாத பட்டறைத் தொழிலாளியின் நெஞ்சில் சென்று தங்கக்கூடும். சிறு செயலின் பயணம் எத்துணை நெடியது!

மலேசியாவில் 2014ஆம் ஆண்டு முதல் தானியங்கிக் கார்களுக்கு மட்டுமான ‘டிஏ’ ஓட்டுநர் உரிமம் வழங்கப்படுகிறது. கிளட்ச் மிதியைத் தொட்டறியாத இளைஞர் பெருகி வருகின்றனர். இதனால் மேற்கண்ட வினா மறைந்துவிடாது. மிதி மறைந்தாலும் உராய்வு மறைவதில்லை. தானியங்கிக் கியர் பெட்டியிலும் எண்ணெய் பழுதாகிறது, உறுப்புகள் தேய்கின்றன. ஒரு வேறுபாடு உண்டு. மெனுவல் காரில் தேய்மானத்தின் செய்தி ஓட்டுநரின் பாதத்திற்கே வந்து சேரும். தானியங்கியில் அச்செய்தியைத் தேடிச் சென்று அறிய வேண்டும்.

கிளட்சுக்கு நேர்வது மனிதர்க்கும் நேர்வதுண்டு. ஒவ்வொரு குடும்பத்திலும் ஒவ்வொரு நிறுவனத்திலும் விரைந்து சுழல்வோர்க்கும் அசையாது நிற்போர்க்கும் நடுவே நின்று, இருவர் அதிர்ச்சியையும் தாம் ஏற்று, இரு பக்கமும் இணைந்து செல்லச் செய்வோர் சிலர் இருப்பர். தந்தையின் சினத்திற்கும் மகனின் பிடிவாதத்திற்கும் நடுவே நிற்கும் தாய் அவ்வகையினர். வள்ளுவர் உருண்டோடும் பெருந்தேரின் அச்சாணியை நினைவூட்டியது, உருவிற் சிறியோரை எள்ளுவார்க்காக. அச்சாணியாவது வெளியே தெரியும். கிளட்சோ உள்ளே மறைந்திருக்கும். அத்தகைய தாய் ஒருநாள் தளர்ந்து வீழ்ந்தால், ‘அம்மா தேய்ந்துபோய்விட்டார்’ என்று அக்குடும்பம் தன்வினையில் வருந்தும். பட்டறைக்காரரின் வினா அங்கும் எழ வேண்டும். எவருடைய கால், தேவையில்லாத வேளையிலும், அவர்மேல் ஊன்றியிருந்தது? அவருக்கென விட்டிருக்க வேண்டிய சிறு இடைவெளியை எவர் அளந்து பார்த்தார்? காருக்கு மாற்றுத் தட்டு கிடைக்கும். இங்கே அதற்கும் வழியில்லை.

பேணுதல் என்பது சிக்கனம் மட்டுமன்று. அது நீதியின் ஒரு பகுதி. தன் பங்கு சிறியதாயினும் தன்னுடையதே என்று ஏற்றுக்கொள்ளும் மனநிலையே அதற்கு வேர். அம்மனநிலை சொற்பொழிவால் வருவதன்று. அளவுகோலை எடுத்து மிதியின் அருகில் குனிவது போன்ற சிறு செயல்களால் பழகி வருவது. மாணவர்க்குத் தன்வினையையும் பிறவினையையும் கற்பிக்கும் ஆசிரியர், ‘கிளட்ச் தேய்ந்தது’ என்னும் தொடரைப் பிறவினையாக மாற்றி எழுதுமாறு ஒருநாள் பணிக்கலாம். பிறவினையாக்கும்போது எழுவாய் ஒன்று தேவைப்படும். அவ்வெழுவாயின் இடத்தில் எவர் பெயரை எழுதுவது என்று மாணவர் ஒரு கணம் தயங்குவாராயின், அன்றைய இலக்கணப் பாடம் பயன் தந்ததாகும்.